சும்மா ஒரு படிப்பு

"ஏன் தாத்தா, பிரெஞ்சு படிச்சி நீங்க என்ன பிரான்ஸுக்கா போவப் போறீங்க?" என்று போன வாரம் போனில் கேட்டாய். நான்கு வருஷம், எட்டு செமஸ்டர், அப்புறம் பிளேஸ்மென்ட் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிற பிள்ளை கேட்கத்தான் செய்வாய். போனில் பதில் சொன்னால் "உம், உம்" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் உன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன்தான். நீ ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாய், நான் தபாலில் படித்தேன். அங்கே தொலைதூரக் கல்வி 1979-இல் தொடங்கியது. அதற்கப்புறம் இந்தப் பக்கத்து வாத்தியார்கள், கிளார்க்குகள், போலீஸ்காரர்கள் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் அந்தப் பாடப் புத்தகக் கட்டு ஏறியது என்று எண்ணி மாளாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு படிப்போம். லீவு போட்டுப் பரீட்சை எழுதுவோம். அப்போது வாத்தியார்களுக்கு மேல்படிப்புக்கு ஊக்க ஊதியம் இருந்தது. எனக்கும் கிடைத்தது, உன் அம்மாவின் காலேஜ் ஃபீஸுக்குப் பெரிய ஒத்தாசையாக இருந்தது. வயிற்றுப்பாட்டுக்கான படிப்பை மட்டமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்கள். ஆனால் அந்தப் புத்தகங்களில் "இது பரீட்சைக்கு வராது" என்று தள்ளிவிட்டுப் போன பக்கங்கள்தான் அதிகம். கேள்வித்தாளுக்கு வெளியே எட்டிப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை.

ரிட்டயரானதும் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்தேன். 1889-இலிருந்து இருக்கிற இடம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் 20 கிலோமீட்டர் சொச்சம். சனிக்கிழமை தவறாமல் தோளில் பையை மாட்டிக்கொண்டு பாண்டி பஸ்ஸில் ஏறும் வாத்தியாரைப் பற்றித் தெருவில் என்ன பேசியிருப்பார்கள்? முள்ளோடை எல்லையைத் தாண்டினால் என்ன சரக்கு கிடைக்கும் என்று கடலூர்க்காரனுக்கா தெரியாது. எதிர்வீட்டுக்காரர் பாட்டியிடம் வந்து, "சாருக்கு இந்த வயசுல இது தேவையா, உடம்பு என்னாவறது?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுவிட்டுப் போனார். பாட்டி மறுத்துப் பேசவில்லை. "பிரெஞ்சு படிக்கப் போறாருன்னு சொன்னா அதவிட அசிங்கமா நெனப்பாங்க" என்று என்னிடம் சொன்னாள்.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரையும் ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பையனின் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குடும்பமே பாரிஸில் இருக்கிறது, இவன் மட்டும் பாக்கி. ஒரு பெண்ணுக்கு அங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் கனடா போகிறவர்கள், மொழி தெரிந்தால் விண்ணப்பத்துக்கு நல்லது என்றார்கள். என் முறை வந்தது. "சும்மாதான் மேடம்" என்றேன். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு உன் அம்மாவைவிட வயது குறைவு. என் நோட்டை வாங்கிச் சிவப்புப் பேனாவில் திருத்தித் தரும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சப்படுவார். எனக்கும் முதலில் கூச்சம்தான். வேலைக்காலம் முழுக்கச் சிவப்புப் பேனா என் கையில் இருந்ததல்லவா?

அங்கே எனக்குப் பெரிய இடைஞ்சல் காது. பிரெஞ்சில் மூக்கால் பேசும் ஒலிகள் மூன்று நான்கு உண்டு. பக்கத்துப் பையன் ஒரு தரம் கேட்டுப் பிடித்துக்கொள்வான். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் கேட்கும். "ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்" என்று எதையும் மூட்டை கட்டி வைக்காதே என்று நான் நச்சரிப்பது இதற்குத்தான். நேரம் அப்போது நிறையவே கிடைக்கும். காது கிடைக்காது. எண்கள் பாடத்தில் மட்டும் நான்தான் முதல். தொண்ணூற்றேழு என்றால் அவர்களுக்கு நான்கு இருபது, ஒரு பத்து, ஒரு ஏழு. பிள்ளைகள் விழிப்பார்கள், கணக்கு வாத்தியாருக்கு அது ஒரு விளையாட்டு.

ஒரு சனிக்கிழமை சிற்பி ரோதானைப் பற்றிப் பேச்சு வந்தது. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் நடராஜர் வெண்கலச் சிலையின் போட்டோக்கள் அவர் கைக்குப் போயிருக்கின்றன. நேரில் அவர் பார்த்ததில்லை. போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு 1913-இல் குறிப்பு எழுதினார். 1917-இல் இறந்துபோனார். அந்தக் குறிப்பு 1921-இல்தான் அச்சானது, 'சிவனின் நடனம்' என்ற தலைப்பில். உதடு, உடம்பு, கால் என்று ஒவ்வொரு இடமாக நின்று, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்று பார்த்திருக்கிறார் மனுஷன்.

நம் வீட்டில் சிதம்பரத்து ஆருத்ரா தரிசனமும் ஆனித் திருமஞ்சனமும் தவறியதில்லை. கூட்டத்தில் நெருக்கியடித்துப் போய், தலைகளுக்கு நடுவே ஒரு நொடி பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புவோம். அங்கே சாமி பட்டிலும் மாலையிலும் மூடியிருப்பார். வகுப்பில் அந்தச் சென்னைச் சிலையின் படம் கைமாறி என்னிடம் வந்தபோதுதான் ஊன்றிய காலின் முழங்காலை உற்றுப் பார்த்தேன். வாத்தியார் புத்தி, கண்ணாலேயே கோணம் அளந்தது. முழுப் பாரமும் அந்த ஒற்றைக் காலில் இருக்கிறது. அது விறைப்பாக நின்றால் ஆட்டமில்லை, இன்னும் கொஞ்சம் மடங்கினால் நிலைக்காது. அந்த நடுவிடத்தை ஒரு ஸ்தபதி மெழுகில் பிடித்து, மண் பூசி, உலோகம் ஊற்றியிருக்கிறான். அதைப் பாட்டியிடம் சொன்னேன். "சாமிய ஸ்கேல் வெச்சி அளக்காதீங்க" என்றாள். அடுத்த முறை சித்சபை முன்னால் நின்றபோது, மாலைக்குக் கீழே அந்த முழங்கால் எங்கே இருக்கும் என்று என் கண் தேடியது. பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை. நீ சிதம்பரத்தில்தானே இருக்கிறாய், ஒரு நாள் கூட்டமில்லாத நேரத்தில் உள்ளே போய் நில்.

இன்னொன்று நம்மூர் சங்கதி. நீ செல்ஃபி எடுக்கும் சில்வர் பீச்சுக்கு எதிர்க்கடலில் 1783 ஜூன் 20 அன்று சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. கரையில் ஊரைச் சுற்றி முற்றுகை வேறு. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியதால் வந்த வினை அது. அந்தப் போரின் கடைசிச் சண்டைகளில் இது ஒன்று. ஐரோப்பாவிலோ அந்த ஜனவரியிலேயே சமாதானத்துக்கான முதற்கட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. சேதி கப்பலில் வந்து சேர்வதற்குள் இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் படித்துப் பிரெஞ்சுக்காரன் மேல் மோகம் வந்துவிட்டது என்று நினைக்காதே. தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை 1758-இல் பிடித்து இடித்துத் தள்ளியது அவர்களின் தளபதி லாலிதான். ஒருவர் கலாசாரத்தைப் படிப்பதற்கு அவர்களுக்குக் கைதட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்தச் சும்மா படிப்பு விஷயத்தில் மட்டும் அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். பாரிஸில் கொலேஜ் த பிரான்ஸ் என்று ஒன்று 1530-இலிருந்து நடக்கிறது. பெயர் பதிய வேண்டாம், ஃபீஸ் இல்லை, பட்டமும் தரமாட்டார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். வயசானவர்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை 1973-இல் முதலில் தொடங்கியதும் பிரான்ஸில்தான், துலூஸ் நகரில். கண் மருத்துவராக இருந்த ழான் ஃபில்லியோசா சமஸ்கிருதமும் தமிழும் கற்று, அந்தக் கொலேஜிலேயே பேராசிரியராகி, 1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நம் சைவ ஆகமச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

அவ்வளவு தூரம் ஏன்? நம்மூர் ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். 'பாரிசுக்குப் போ' எழுதியது அவர்தான். ரொமேன் ரோலான் எழுதிய காந்தி வரலாற்றைத் தமிழில் தந்ததும் அவர்தான். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு ஊக்க ஊதியம் கொடுத்து அதைச் செய்யச் சொல்லவில்லை.

உனக்குப் பாண்டி பஸ் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளம் 2017-இலிருந்து இருக்கிறது. இலக்கியம், தத்துவம், கலை வரலாறு எல்லாம் பாடமாக வருகின்றன. சேர்வதற்குப் பணமில்லை, பரீட்சை எழுதத்தான் ஃபீஸ். ஜனவரியிலும் ஜூலையிலும் புதுப் பாடங்கள் தொடங்கும். 4 வாரப் பாடம் இருந்தால் அதை எடு. 12 வாரம் என்றால் உனக்கு இன்டர்னல் டெஸ்ட் வந்ததும் நின்றுபோகும். ஒரே நேரத்தில் இரண்டை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. ரெஸ்யூமேயில் போட சர்டிபிகேட் வேண்டுமென்றால் கோடிங்கில் தனியாக ஒன்று எடுத்துக்கொள், இதில் பரீட்சைக்குப் பணம் கட்டாதே. எந்தப் பாடம் என்று என்னையும் கேட்காதே, நான் ரோதானைத்தான் சொல்வேன். ரூமில் இருக்கிறவன் "இத வெச்சி என்னடா பண்ணப் போற?" என்று கேட்டால், கிரிக்கெட் பார்க்கிறேன் என்று சொல்லிவிடு.