தண்ணீர் எந்தப் பக்கம் போகும்

எழுதிக்கொண்டிருந்த மாயக்கதைக்கு ஒரு கண்டம் வேண்டியிருந்தது. முடிச்சூர் வீட்டில் சார்ட் தாளை விரித்துக் கரையை வளைத்து வளைத்து வரைந்தேன். அழகுக்காக மலைகள், தலைநகரம், நான்கு ஆறுகள். ஓர் ஆறு ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடிந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "இந்தத் தண்ணி எப்படிடி மேடேறும்?"

கண்டம் வரைவது நமக்குப் புதிதில்லை. மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் நம் தேவாங்குக்கும் உறவு எப்படி வந்தது என்று யோசித்த ஸ்க்ளேட்டர், 1864இல் மூழ்கிய நிலமொன்றைக் கற்பனை செய்து லெமூரியா என்றார். நம்மவர்கள் அதை அடியார்க்குநல்லாரின் உரையோடு சேர்த்துக் குமரிக்கண்டமாக்கினார்கள். பஃறுளிக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம், 49 நாடுகள். நிலத்தட்டுகள் நகர்வது தெரிந்தபின் லெமூரியா தேவைப்படவில்லை. பனிக்காலத்தில் கடல் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது குமரிக்குத் தெற்கே கொஞ்சம் நிலம் இருந்தது உண்மை, கண்டம் இல்லை.

அந்தக் கண்டம் பொய் என்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நான் பார்த்த குமரிக்கண்டப் படங்களில் ஆறு, மலை, மதுரை, கபாடபுரம் எல்லாம் இருந்தன. நிலத்துக்கே கன்னியின் பெயர். ஆனால் அங்கே பெண்கள் எந்தத் துறையில் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

2009இல் இந்த மனையைப் பார்க்க வந்தபோது தரகர் ஒரு வரைபடம் விரித்தார். 30 அடி ரோடு, பூங்கா, கோயில். வாய்க்கால் இல்லை. அம்மா படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். "கோரை முளைச்சிருக்கு. புல்லெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. இது தண்ணி போற வழிங்க." "உனக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா. மாமா சிரித்தார். மனை வாங்கியது அம்மாவின் வளையல்களை விற்று. பத்திரம் அப்பா பெயரில்.

அம்மாவுக்குத் தெரிந்தது இதுதான்: தாம்பரத்தின் மேற்கே பெய்யும் மழை எங்கள் பக்கமாக வந்து அடையாற்றில் சேரும். கிழக்கே பெய்வது சேலையூர், செம்பாக்கம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும், ஒக்கியம் மடுவு தாண்டிக் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். இருபது வருடம் இடுப்பில் குடத்தோடு நடந்தவளுக்கு மேடு பள்ளம் சொல்லித்தர வேண்டியதில்லை.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு தண்ணீர் சுவிட்ச் பெட்டியைத் தொட்டது. பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு நாள் இருந்தோம். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாவும் பழையதைச் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி தொடங்கினேன். இம்முறை முதலில் காற்று. எந்தக் கடலிலிருந்து வருகிறது? நம் மேற்கு மலையில் போல, காற்று மோதும் பக்கம் காடு, மறுபக்கம் வறண்ட மேய்ச்சல் நிலம். ஓடைகள் மலையிலிருந்து இறங்கி ஒன்றோடொன்று சேரும். கடலை நெருங்கும்போதுதான் பிரியும். ஏரிக்குத் தண்ணீர் பல வழியில் வரலாம், வழிந்து போக ஒரே கலங்கல். இவ்வளவு போட்டதும் ஊர்கள் எங்கே வரும், எந்தக் கிணறு உவர்க்கும், எந்தப் பெண் எவ்வளவு தூரம் நடப்பாள் என்பதெல்லாம் தானாகத் தெரிந்தது. கதையும் மாறிவிட்டது. ராணியைத் தூக்கிவிட்டேன், இப்போது மடை திறப்பவள் ஒருத்தி இருக்கிறாள்.

ஆற்று வளைவில் அவள் ஊருக்கு ஒரு புள்ளி வைத்தேன். அம்மா வெங்காய விரலால் தொட்டாள். "இங்க வேணாம். கொஞ்சம் மேல தள்ளி வை."