எட்டாத ஒளி

மகாவலியை மறித்துப் பிரித்தானிய உதவியுடன் எழுப்பப்பட்ட, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985 ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. அந்நகரில் வாழ்ந்து பின்னர் திகனவிற் குடியேறிய மூதாட்டி ஒருவரை, அந்தி வேளையில் நீர்க்கரையில் இருத்திப் படம் பிடிக்க விரும்பினான் அவர்தம் பேரன்.

தந்தை வைத்திருந்த பழைய மின்னொளிக் கருவியை அவன் தனது டிஜிட்டல் கமராவிற் பொருத்தவில்லை. அத்தகையன சிலவற்றின் தூண்டல் மின்னழுத்தம் 200 வோல்ற்றையும் தாண்டும். கமராவின் நுண்சுற்றுகள் அதனாற் பழுதுறக்கூடும். ஆதலின் புதியதொன்றை இரவல் பெற்று வந்திருந்தான்.

முதற் படத்தில் பாட்டியின் முகம் வெளிறியது. பின்னிருந்த நீரோ இருளில் மறைந்தது. தூரம் இருமடங்கானால் மின்னொளியின் செறிவு நான்கிலொன்றாகக் குறையும் என்பது பௌதிக விதி. எத்துணை வலிய கருவியும் அக்கரையை ஒளியூட்டாது. எனவே கமராவை முக்காலியில் நிறுத்தினான். மின்னொளியின் வலுவைத் தணித்தான். ஷட்டர் சற்று நீண்டு திறந்திருக்கச் செய்தான். முகத்துக்கு மின்னொளியும், நீருக்கு வானில் எஞ்சிய ஒளியும் போதுமாயின.

படத்தைக் கண்ட பாட்டி தம் முகத்தை நோக்கவில்லை. மங்கித் தெரிந்த நீர்ப்பரப்பில் ஓரிடத்தை விரலாற் சுட்டினார்.

"இந்தா, இங்கதான் நம்ம கடை இருந்திச்சு."

அவ்விடத்தில் நீரன்றி வேறெதுவும் படத்தில் இல்லை. ஆயினும் பேரன் அதனை அழிக்கவில்லை.