தலையிட மறுத்தால் தோல்வியா?

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயலைச் சுற்றியுள்ள ஊர்களில் நாங்கள் கூட்டம் போடும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: “கீழ்க்கோர்ட் தீர்ப்புல தலையிட முடியாதுன்னு ஹைகோர்ட் சொல்லிட்டா, நாம தோத்துட்டோம்னுதானே அர்த்தம்?”

இல்லை தோழர்களே. கீழே என்ன தீர்ப்பு வந்தது என்பதைப் பொறுத்தது அது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது, அவர்களை விடுவித்தது. அங்கே தலையிட்டதுதான் அநீதி.

2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ். 2022 மார்ச் 5 அன்று மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 5 பேரை விடுவித்தது. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் இரண்டிலும் தலையிட மறுத்தது. இருவரின் தண்டனையை மட்டும் குறைத்தது. யுவராஜின் ஆயுள் தண்டனை நின்றது. ஆனால் 5 பேரின் விடுதலையை எதிர்த்துத் தாய் சித்ரா போட்ட மேல்முறையீடு தள்ளுபடியானது. ஒரே தீர்ப்பு, அந்தத் தாய்க்கு வெற்றியும் தோல்வியும்.

அந்த வெற்றி உயர் நீதிமன்றத்தில் தொடங்கியதல்ல. வழக்கை நாமக்கல்லிலிருந்து மாற்றக் கோரி 2019இலேயே தாய் போராடினார். வழக்கறிஞர் ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆனார். முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பேசியது. கீழே அது முறையாகப் பதிவாகியிருந்ததால்தான் மேலே நின்றது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றம் சட்டப் பிரச்சினையோடு சங்கதிகளையும் பார்க்கலாம். ஆனால் அது பார்ப்பது பெரும்பாலும் கீழே திரட்டிய கட்டுகளைத்தான். முதல் தகவல் அறிக்கையில் சாதியும் சரியான பிரிவும் விடுபட்டால், சாட்சி பயந்து ஒதுங்கினால், அந்த ஓட்டையை மேலே அடைப்பது கடினம்.

ஆகவே தீர்ப்பு நாளுக்குக் காத்திருக்காதீர்கள். புகார் கொடுத்த அன்றே முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஜாமீன் மனு விசாரணையில் பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது 15ஏ பிரிவு. அன்றைக்குப் போய் நில்லுங்கள். சாட்சி சொல்லப் போகிறவரைத் தனியாக அனுப்பாதீர்கள், ஊரே கூடப் போங்கள்.