"எல்லாம் கிளவுட்ல இருக்குதுங்க!"

கோவை காந்திபுரத்திலிருந்து ஆவாரம்பாளையம் மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். ஆட்டோக்காரர் 150 ரூபாய் கேட்டு, 120-க்கு இறங்கி வந்தார். பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்தில் கால் வைத்ததுமே லேத் சத்தமும் வார்னிஷ் வாடையும். நான் தேடிப்போன பம்ப்செட் கம்பெனியின் கீழ்த்தளத்தில் ஐந்தாறு பெண்கள் ஸ்டேட்டருக்குள் செப்புக் கம்பியை விரலால் அழுத்தி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் மாடியில்.

ஈரோடு, கோபி, தாராபுரம் டீலர்களின் விவரம், யாருக்கு என்ன விலை சொன்னார்கள், எந்த மோட்டார் எப்போது சர்வீஸுக்கு வந்தது என்பதெல்லாம் இங்கே ஒருகாலத்தில் நீள நோட்டில் இருந்தது. இப்போது மாத வாடகைக்கு எடுத்த சிஆர்எம் மென்பொருளில் இருக்கிறது. அதற்கு பேக்கப் உண்டா என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

"எல்லாம் கிளவுட்ல பத்திரமா இருக்குதுங்க. அவிங்களே பாத்துக்குவாங்க," என்றார் முதலாளி.

அவர்கள் பார்த்துக்கொள்வது அவர்களுடைய சர்வர் கெட்டுப்போகாமல்தான். நம் ஆள் ஒருவர் டீலர் பட்டியலை அழித்தால், மென்பொருளுக்கு அது முறையான உத்தரவு. அழித்தது குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும். ஜோஹோ சிஆர்எம்மில் 60 நாள், சேல்ஸ்ஃபோர்ஸில் 15 நாள். அதன்பின் போனது போனதுதான். சில சமயம் கிளவுட்காரர்களே தவறுவதும் உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கணக்கு கூகுள் கிளவுடில் தவறுதலாக அழிந்தது. மீண்டு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது.

"வாரா வாரம் தானா பேக்கப் ஆவுதுங்களே," என்றார் ஆபீஸைக் கவனிக்கும் பெண்மணி. காட்டச் சொன்னேன். செட்டிங்ஸில் போய்த் தேடினார். வாரம் ஒருமுறை என்று பதிவாகித்தான் இருந்தது. ஆனால் டவுன்லோட் லிங்க் போய்ச் சேரும் மின்னஞ்சல், வேலையை விட்டுப்போன சேல்ஸ் மேனேஜருடையது. லிங்க் சில நாளில் காலாவதி ஆகிவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எதிலும் ஒரு பேக்கப் ஃபைல்கூட இல்லை.

முதலாளி அவரைப் பார்த்தார். அவர் ஸ்க்ரீனைப் பார்த்தார். மின்னஞ்சலை மாற்றி, புதிதாக பேக்கப் கேட்டோம். காத்திருந்த நேரத்தில் 15 ரூபாய் டீ வந்தது. இரண்டாவது டீயும் முடிந்தபிறகே ஜிப் ஃபைல் வந்தது. உள்ளே வரிசையாக சிஎஸ்வி ஃபைல்கள். பழுதான மோட்டாரின் போட்டோ, பில் நகல் ஒன்றையும் காணோம். பேக்கப் கேட்கும்போதே இணைப்புகளுக்குத் தனியாக டிக் போட வேண்டுமாம். மறுபடியும் கேட்டோம்.

டீலர் ஃபைலை அந்தப் பெண்மணி எக்ஸெலில் திறந்தார். 91-ல் தொடங்கும் போன் நம்பரெல்லாம் 9.19-க்குப் பின்னால் ஏதோ ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியுமாகச் சுருங்கி நின்றது. தமிழில் அடித்த ஊர்ப்பெயர்கள் கொக்கியும் புள்ளியுமாகத் தெரிந்தன. அவர் கை தன்பாட்டுக்கு 'சேவ்' பக்கம் போக, தடுத்தேன். அப்படியே சேவ் செய்தால் நம்பரின் கடைசி இலக்கங்கள் எல்லாம் பூஜ்யமாகிவிடும், பேக்கப்பே பாழ். எக்ஸெலின் டேட்டா மெனு வழியாக, நம்பர் இருக்கும் பத்தியை எழுத்து வகையாக்கி, யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து உள்ளே எடுத்ததும் கோபிசெட்டிபாளையம் கோபிசெட்டிபாளையமாகவே வந்தது.

திரும்ப ஏற்ற முடியுமா என்பதையும் பார்த்துவிட நினைத்தேன். இலவச சோதனைக் கணக்கு ஒன்று தொடங்கி, பத்து டீலர்களையும் அவர்களுக்குக் கொடுத்த கொட்டேஷன்களையும் ஏற்றினோம். கொட்டேஷன்கள் வந்தன, யாருக்குக் கொடுத்தது என்ற இடம் மட்டும் காலி. கொட்டேஷனை முதலில் ஏற்றியதால் வந்த வினை. அழித்துவிட்டு, டீலரை முதலில் ஏற்றி, பழைய ஐடி எண்ணைக் கொண்டு கொட்டேஷனைப் பொருத்தியதும் சேர்ந்துகொண்டது.

பக்கத்து மேஜையில் கணக்குப் பிள்ளை டாலி கணக்கு மென்பொருளை மூடும்முன் பேக்கப் எடுக்க பென் டிரைவ் செருகினார். அது தினசரி வழக்கமாம். கம்பெனிகள் மின்னணுக் கணக்குப் புத்தகத்தின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022-இல் விதியே திருத்தப்பட்டது. டீலர் பட்டியலுக்கு அப்படிக் கேட்க ஆடிட்டர் யாரும் வருவதில்லை.

ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார் முதலாளி. "இதுல போட்டு பீரோவுல பூட்டிட்டா போதுமுங்களா?" என்றார். ஆபீஸில் ஒன்று, வீட்டில் ஒன்று என்றேன். எதை முதலில் ஏற்றுவது என்ற வரிசையை அந்தப் பெண்மணி ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பத்து டீலர் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தோம். மொத்தப் பட்டியலையும் ஏற்றிப் பார்க்கும் வேலை ஞாயிற்றுக்கிழமைக்கு நிற்கிறது.