நொடிக்கு ஒரு குமிழி

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு நடுவே இருந்தாலும் அவர் கடையில் விற்பனைக்கு மீன் அதிகமில்லை. தண்ணீருக்குள் தோட்டம் அமைத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். நான் போன மதியம் மூன்றடித் தொட்டி ஒன்றுக்கு கார்பன் டை ஆக்சைடு கேஸ் இணைத்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் வாயில் வாஷரை வைத்து, ரெகுலேட்டரைத் திருகி, ஸ்பேனரால் இறுக்கினார். உதவிக்கு இருந்த பையன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தான். நுரை கிளம்பவில்லை. "லீக் இல்லண்ணே" என்றான்.

தரையில் நிற்கும் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடைக் காற்றே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. தண்ணீரில் அந்த வாயு காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். காற்றிலிருந்து தானாகக் கரைவதும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தொடாது. அடித்தரை முழுக்கப் படரும் செடிகளை வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்ளும் இலக்கோ 30 மில்லிகிராம். விளக்கை மட்டும் பலமாகப் போட்டுவிட்டு கேஸ் கொடுக்காவிட்டால் அந்த வெளிச்சத்தில் பாசிதான் கொழுக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் பிளாஸ்டிக் பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுத்தான் அவர் கேஸ் எடுத்திருக்கிறார். "செலவு கம்மி சார். ஆனா ராத்திரி நிறுத்த முடியாது. அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும்." விளக்கு அணைந்தபின் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இதே வாயுவைத்தான் வெளிவிடும். பாட்டிலும் சேர்ந்துகொண்டால் விடிவதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இப்போது டைமரில் ஓடும் சொலினாய்டு வால்வு, விளக்கு எரிய ஒரு மணி நேரம் முன்பே கேஸைத் திறந்து, அணைவதற்கு முன்பே மூடிவிடுகிறது.

சோப்புத் தண்ணீர் சோதனைக்குப்பின் நடந்ததைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். நீடில் வால்வை விரல் நுனியால் நகர்த்தினாரா இல்லையா என்றே தெரியவில்லை. குமிழி எண்ணும் கவுண்டரில் ஒரு குமிழி எழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. நொடிக்கு ஒன்று என்று வரும்வரை விரலை எடுக்கவில்லை. கண்ணாடிச் சுவரில் ஒட்டிய டிராப் செக்கரில் நீல நீர் இருந்தது. கேஸ் போதுமான அளவு கரைந்தால் அது பச்சையாகும், மிஞ்சினால் மஞ்சள். ஆனால் அந்த நிறம் தொட்டி நிலவரத்தை ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் காட்டும். "கலர் மாறுறதுக்குள்ள மீன் சொல்லிடும் சார். செவுளைப் பாருங்க." அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மீன்களின் மூச்சைப் பார்த்தார். வேறொரு வாடிக்கையாளர் கூப்பிட்டும் எழவில்லை. கருவிகள் யாருக்கும் காசுக்குக் கிடைக்கும். இப்படி உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் கூலி கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

சென்னை வெயில் தனிச் சிக்கல். சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமான வாயு. 31 டிகிரிக்கு மேல் போனால் அது திரவமாக நிற்காது. அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐயைத் தாண்டும். அதனால் நிரப்புமிடத்தில் அதிகம் அடைத்து வாங்க அவர் விடுவதில்லை. வெயில் படும் பால்கனியில் வைக்கவும் சம்மதிப்பதில்லை. மீட்டர் முள்ளையும் நம்புவதில்லை. உள்ளே திரவம் மிச்சமிருக்கும்வரை, வெப்பநிலை மாறாவிட்டால், முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். எவ்வளவு மீதி என்று தெரிய எடைதான் போட வேண்டும். தீரும் கட்டத்தில் சில ரெகுலேட்டர்கள் திடீரென்று கூடுதலாகத் திறந்துவிடும். தொட்டி மீன் முழுக்கச் செத்துப்போகலாம். ஆகவே முள் இறங்கத் தொடங்கியதுமே கழற்றிவிடச் சொல்கிறார்.

சாயங்காலம் ஒரு இளம் தம்பதி சிலிண்டர் செட் கேட்டு வந்தார்கள். தொட்டி இரண்டடி, விளக்கு சாதாரணம், வளர்ப்பது அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். "உங்க செடிக்கு கேஸே வேணாம்மா. வாரா வாரம் தண்ணி மாத்துங்க, போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மீண்டும் ஸ்டூலுக்கு வந்தார். டிராப் செக்கரில் பச்சை ஏறத் தொடங்கியிருந்தது. வால்வை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.