முதல் டிஸ்க்கில் போனவள்!

'ரோல் ப்ளேயிங் கேம்' என்று சொல்கிறார்களே... கம்ப்யூட்டரில் வீரன் வேஷம் கட்டி ஊர் ஊராகப் போகிற விளையாட்டு... அதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. நாலு அடி நடக்க விடாது. திரை ஒரு சுழற்று சுழலும். எங்கிருந்தோ ஒரு தவளையும் இரண்டு வண்டும் வந்து வழிமறிக்கும். 'ஐயா, அவசரமா உலகத்தைக் காப்பாத்தப் போயிட்டிருக்கேன்' என்றால் கேட்குமா? அடித்துப் போட்டுவிட்டு இன்னும் நாலு அடி வைத்தால், மறுபடி அதே தவளை, இந்தத் தடவை சித்தப்பாவோடு!

நான் மாட்டிக்கொண்டது 'ஃபைனல் ஃபேன்டஸி 7'. ஜப்பானின் ஸ்கொயர் கம்பெனி 1997-ல் வெளியிட்டது. மூன்று டிஸ்க். என் கைக்கு வந்தது 2002-ல், நண்பனின் பழைய ப்ளேஸ்டேஷனோடு. குகைக்குள் போனால் 'சேவ்' பண்ண அதற்கென்று உள்ள இடத்தைத் தேட வேண்டும். அதற்குப் பத்தடி முன்னால் எங்கள் தெருவில் கரண்ட் போகும். ஒன்றரை மணி நேரம் அம்போ!

தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால், கூட வருகிறவர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். ஏரிஸ் என்று ஒரு பூக்காரப் பெண் வந்தாள். அவளுக்கு எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் இருந்த ஒருவர் பெயரை வைத்தேன். (யாரென்று சொல்ல மாட்டேன். அவங்க வீட்டுக்காரர் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவர்!)

அவ்வளவுதான், தவளை அடிப்பதில் ஒரு சுகம் வந்துவிட்டது. ஒவ்வொரு சண்டைக்கும் அவள் லெவல் ஏறுகிறதே! நான் அடிபட்டால் அவள் காயம் ஆற்றுவாள். அவளுடைய கடைசி வித்தைக்கு ஒரு பொருள் வேண்டும். குகையில் தூங்குகிற ஓர் ஆளிடம் அது இருக்கிறது. நாம் போட்ட சண்டைகளின் எண்ணிக்கை 77, 99 என்று முடிந்தால்தான் தருவான். எங்கள் ஆபீஸில் லோன் வாங்குவதே தேவலை! அதையும் வாங்கினேன்.

ஒரு ஞாயிறு ராத்திரி, அவள் கண்மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறாள். மேலேயிருந்து செஃபிரோத் இறங்கினான். ஒரே குத்து.

என் பையில் செத்தவரை எழுப்பும் மருந்து 28 இருந்தது. சண்டையில் யார் விழுந்தாலும் அதைக் கொடுத்து எழுப்பியிருக்கிறேன். இப்போது கொடுக்க வழியே இல்லை. அழக்கூட விடாமல் உடனே ஒரு பூதத்தோடு சண்டை. பின்னணியில் அவளுடைய பாட்டே ஓடுகிறது. பாவிகள்!

திங்கட்கிழமை என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கவுன்ட்ஸ் மேடமே வந்து, "என்ன சார், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்கள்.

"இல்லீங்க மேடம்... தெரிஞ்சவங்க ஒருத்தர்..." என்று இழுத்தேன்.

பாவம், தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி புளியோதரையை எனக்கு வைத்தார்கள். அடுத்த மாதம் கல்யாணப் பத்திரிகையும் வைத்தார்கள்.

அன்று ராத்திரி முதல் டிஸ்க்கை மறுபடி போட்டேன். பூக்காரப் பெண் வந்தாள். பெயர் கேட்டது. 'ஏரிஸ்' என்றே விட்டுவிட்டேன்.