சாவுக்கு அடுத்த ஷாட்

ஒரு போர்ப் படம் தேசபக்திப் படமா, போர் எதிர்ப்புப் படமா என்பதைத் தீர்மானிப்பது அதில் சிந்தும் ரத்தத்தின் அளவு அல்ல. வசனத்துக்கும் அதில் பங்கு குறைவுதான். ஒரு சிப்பாய் விழுந்ததும் அடுத்து எந்த ஷாட் வருகிறது என்பதில் பெரும்பாலும் படத்தின் கட்சி தெரிந்துவிடும். கொடியோ, பிடிபட்ட குன்றோ, ஊரில் காத்திருக்கும் தாயோ பின்னால் வந்தால் அந்தச் சாவுக்கு ஒரு பலன் கிடைத்துவிடுகிறது. எடிட்டிங் மேசையில் இந்த ஒரு ஷாட்டை எடுத்துவிட்டாலே காட்சியின் அர்த்தம் மாறிவிடும்.

ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரையன்’ (1998) படத்தில் ஒமாஹா கடற்கரைச் சண்டை சுமார் 25 நிமிடம் ஓடுகிறது. ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி ஷட்டர் கோணத்தை வழக்கமான 180 டிகிரியிலிருந்து 90, 45 எனக் குறைத்தார். அசைவின் மங்கல் நீங்கி, சிதறும் மணல்கூடத் துகள் துகளாகத் தெறிக்கிறது. இத்தனை கோரத்துக்குப் பிறகும் படம் கொடியில் தொடங்கிக் கொடியிலேயே முடிகிறது. உயிர் தப்பியவர் கிழவராகிக் கல்லறை முன் நின்று, தான் நல்ல மனிதனாக வாழ்ந்தேனா என்று மனைவியிடம் கேட்கிறார். கணக்கு நேராகிவிடுகிறது.

இதற்கு வெற்றிகூடத் தேவையில்லை. சேத்தன் ஆனந்தின் ‘ஹகீகத்’ (1964) இந்தியா தோற்ற 1962 போரைப் பற்றியது. இறுதியில் லடாக்கில் விழுந்து கிடக்கும் உடல்களின் மேல், நாட்டைப் பிறர் கையில் ஒப்படைத்து விடைபெறும் பாட்டு ஒலிக்கிறது, தோல்வி தியாகமாகிவிடுகிறது.

லூயிஸ் மைல்ஸ்டோன் ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ (1930) படத்தில் இந்தப் பலனைக் கொடுக்க மறுத்தார். கேமரா பக்கவாட்டில் ஓட ஓட, இயந்திரத் துப்பாக்கிக்கு முன் பிரெஞ்சு வீரர்கள் வரிசையாகச் சரிகிறார்கள். சற்று நேரத்தில் ஜெர்மானியர் எதிர்த்துப் பாய்ந்து, அவர்களும் அப்படியே சரிகிறார்கள். கடைசியில் புறப்பட்ட பதுங்குகுழிக்கே திரும்புகிறார்கள். அடுத்த காட்சி சாப்பாடு. சமையல்காரர் முழுக் கம்பெனிக்கும் சமைத்து வைத்திருக்கிறார்; வந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். செத்தவர்களின் பங்கையும் போடச் சொல்லித் தகராறு நடக்கிறது. அன்றைய சண்டையின் ஒரே ஆதாயம் அந்த இரட்டைச் சாப்பாடு. 1930 டிசம்பரில் நாஜிக் கட்சியின் கோயபல்ஸ் தன் ஆட்களோடு பெர்லின் தியேட்டரில் புகுந்து கலகம் செய்தார். சில நாளில் படம் ஜெர்மனியில் தடைசெய்யப்பட்டது. படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான் போலும்.

கூப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ (1957) இன்னும் கறார். தாக்க வேண்டிய குன்றை யாருமே எட்டுவதில்லை. அதற்குத் தண்டனையாக மூன்று பிரெஞ்சு வீரர்களைச் சொந்த ராணுவமே சுட்டுக் கொல்கிறது. பிரான்சில் இப்படம் 1975 வரை திரைக்கு வரவில்லை.

கட் செய்யும் வேகமும் இசையும் சாவுக்கு அடுத்த ஷாட்டைவிடச் சிக்கலானவை. படத்தின் கருத்து எதுவானாலும், தாளத்தோடு வெட்டப்பட்ட சண்டை பார்ப்பவனின் ரத்தத்தைச் சூடேற்றும். போரைக் காட்டினாலே அதன்மேல் ஆசை வந்துவிடும் என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவும் சந்தேகப்பட்டார். எலெம் கிளிமோவ் ‘கம் அண்ட் சீ’ (1985) படத்தில் அந்தத் தாளத்தையே உடைத்தார்: குண்டுவீச்சுக்குப் பின் சிறுவனின் காதில் ரீங்காரம் மட்டும் நீடிக்க, பார்ப்பவரும் அவனோடு பாதிச் செவிடாகிறார்.

கப்போலாவின் ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) வேறு வழியில் போனது. அமெரிக்க ராணுவம் உதவாததால் பிலிப்பைன்ஸ் படையின் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்தார்கள்; உள்நாட்டுக் கலகக்காரர்களோடு சண்டையிட அவை படப்பிடிப்பின் நடுவே போய்விடுவதும் உண்டு. வாக்னர் இசையோடு அவை வரும் காட்சியின் இடையில், அமைதியான வியட்நாமியக் கிராமப் பள்ளிக்கூடத்துக்குப் படம் வெட்டுகிறது. இசை சட்டென்று நின்றுபோகிறது. எங்கே குண்டு விழப்போகிறது என்பதை அந்த மௌனம் சொல்லிவிடுகிறது. ஆயினும் ‘ஜார்ஹெட்’ (2005) படத்தில் வளைகுடாப் போருக்குப் புறப்படும் மரீன் வீரர்கள் இதே காட்சியைப் பார்த்து ஆர்ப்பரிக்கிறார்கள். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் எடிட்டர்களில் ஒருவரும் அதன் ஒலியை வடிவமைத்தவருமான வால்டர் மர்ச்தான் ‘ஜார்ஹெட்’டுக்கும் எடிட்டர்.